பழைய கூரையை இறக்கும் நாள்: கல்நார் பற்றி வீட்டு உரிமையாளர்கள் அறிய வேண்டியவை

பழைய வீட்டைப் புதுப்பிக்கவோ தொழிற்கூடத்தை விரிவாக்கவோ கடன் கோரி வரும் விண்ணப்பங்களுடன் செலவு மதிப்பீட்டுப் பட்டியல் ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். தரைக்கற்களுக்கு எவ்வளவு, வண்ணப்பூச்சுக்கு எவ்வளவு, கம்பிக்கும் சிமெண்டுக்கும் எவ்வளவு என்று அப்பட்டியல் விரிவாக எடுத்துரைக்கும். ஆனால் பழைய கூரையை அகற்றும் பணி பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். சில பட்டியல்களில் அந்த வரியும் இராது. கழற்றிய தகடுகளைத் தாமே எடுத்துக்கொள்வதாகக் கூறி, ஒப்பந்ததாரர் அவ்வேலையை இலவசமாகச் செய்துதர முன்வருவதும் உண்டு. அக்கூரை ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் கலந்த சிமெண்ட் தகடாக இருப்பின், மொத்தக் கட்டுமானப் பணியிலும் உடல்நலத்துக்குப் பெரும் தீங்கு நேரக்கூடிய நாள் அதனை இறக்கும் நாளே. அந்நாளுக்குரிய செலவை முன்கூட்டியே ஒதுக்குவது ஏன் இன்றியமையாதது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கல்லாகவும் நாராகவும்

கல்நார் என்னும் பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. பூமியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் இக்கனிமம், கல்லாக இருந்தும் நாராகப் பிரியக்கூடியது. அது தீயில் எரிவதில்லை, சிமெண்டுக்கு வலுவூட்டும், விலையும் குறைவு. ஆகவே 1930களிலேயே நம் நாட்டில் கல்நார் சிமெண்ட் தகடுகள் உற்பத்தியாகத் தொடங்கின. ஓலைக்கும் ஓட்டுக்கும் மாற்றாக அவை வீடுகளிலும் பள்ளிகளிலும் கிடங்குகளிலும் தொழிற்கூடங்களிலும் இடம்பிடித்தன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் சுமார் 16 விழுக்காட்டினர் உலோகத் தகடு அல்லது ஆஸ்பெஸ்டாஸ் தகட்டுக் கூரையின்கீழ் வாழ்ந்தனர்.

இந்த நார்கள் தலைமுடியைவிடப் பன்மடங்கு நுண்ணியவை. காற்றில் கலந்தால் கண்ணுக்குப் புலப்படாமல் பல மணி நேரம் மிதக்கும். நுரையீரலின் ஆழத்தில் தங்கும் நார்களை உடல் எளிதில் வெளியேற்ற இயலாது. நுரையீரல் தழும்பேறி மூச்சுத்திணறல் உண்டாக்கும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் ஆகியவை இதனால் விளைகின்றன. புகைபிடிப்போருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து மேலும் பன்மடங்காகும். கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தெளிவான நிலைப்பாடு.

நோய் வெளிப்படுவதற்கு 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். இன்று கூரையை உடைத்து இறக்கும் இளைஞருக்கு முதுமையில் மூச்சு முட்டும்போது, அதற்கும் அந்நாளைய வேலைக்கும் உள்ள தொடர்பு எவர் நினைவுக்கும் வராது. இந்த நீண்ட இடைவெளியைக் கருதியே, கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளை வேலையில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டுகள் அல்லது பணி ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டில் ஆணையிட்டது.

கட்டடத்தின் வயது மட்டும் போதாது

ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டு முதல் கல்நாரைத் தடை செய்துள்ளது. உலகில் 50க்கும் மேற்பட்ட நாடுகள் இவ்வாறு தடை விதித்துள்ளன. அத்தகைய நாடுகளில் கட்டடம் எழுந்த ஆண்டைக் கொண்டே ஓரளவு முடிவுக்கு வரலாம். நம் நாட்டில் கல்நார்ச் சுரங்கத் தொழிலுக்குக் கட்டுப்பாடு வந்தபோதிலும், வெண்கல்நாரை இறக்குமதி செய்து தகடு செய்வது தொடர்ந்து நடைபெற்று வந்துள்ளது. ஆகவே 'நம் கொட்டகை புதியதுதானே' என்று கவலையற்று இருத்தல் கூடாது.

அலையலையான சாம்பல் நிறத் தகட்டைக் கண்ட அளவில் அதில் கல்நார் உள்ளதா என்று எவராலும் உறுதி கூற இயலாது. கல்நார் கலவாத நார் சிமெண்ட் தகடும் அதே தோற்றம் உடையது. தகட்டின் மீது ஐ.எஸ்.ஐ. முத்திரை தெளிவாக இருந்தால் அதன் எண்ணைக் கவனியுங்கள். ஐ.எஸ். 459 என்பது கல்நார் சிமெண்ட் கூரைத் தகட்டுக்கு உரிய தர எண், ஐ.எஸ். 14871 என்பது கல்நாருக்கு மாற்றாகப் பிற நார் சேர்ந்த தகட்டுக்கு உரியது. வாங்கிய ரசீதும் துணைபுரியும். இவை எதுவும் கிட்டாவிடில் கல்நார் இருப்பதாகவே கொண்டு நடப்பது நலம். ஐயமறத் தெளிய ஆய்வகச் சோதனையே வழி. அதற்கான மாதிரியைப் பயிற்சி பெற்றவரே எடுத்தல் வேண்டும். நாமே ஒரு துண்டை உடைத்தெடுப்பது தவறு.

கூரையோடு தேடல் முடிந்துவிடுவதில்லை. மழைநீர்க் குழாய்கள், பழைய தண்ணீர்த் தொட்டிகள், புகைபோக்கிகள், தடுப்புப் பலகைகள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பழைய ஆலைகளை வாங்குவோர், கொதிகலனையும் நீராவிக் குழாய்களையும் சுற்றியுள்ள வெப்பக்காப்புப் பூச்சில் தனிக் கவனம் செலுத்துதல் வேண்டும். சிமெண்டில் நார்கள் இறுகப் பிணைந்துள்ளன. அப்பூச்சிலோ அவை தளர்வாக இருப்பதால், கை பட்டாலே உதிரும்.

தொடாமல் காப்பதும் ஒரு பாதுகாப்பே

கல்நார் என்று அறிந்தவுடன் அஞ்சிக் கூரையைப் பிரித்துவிட வேண்டியதில்லை. விரிசலோ சிதைவோ இன்றி, எவரும் தொடாத நிலையில் உள்ள சிமெண்ட் தகடு மிகக் குறைந்த அளவு நாரையே வெளியிடும். துளையிடுதல், அறுத்தல், தேய்த்தல், உடைத்தல் ஆகியவையே நாரைக் காற்றில் பரப்புகின்றன. எனவே நல்ல நிலையிலுள்ள கூரையை அவ்வாறே விட்டு, ஆண்டுதோறும் பார்வையிட்டு, அதன் நிலையைக் குறித்து வைப்பது போதுமானது. மின்விசிறி மாட்டவும் கம்பி இழுக்கவும் வருவோருக்கு அதில் துளையிடக் கூடாது என்பதை முன்னதாகவே தெரிவித்துவிட வேண்டும். பாசியை அகற்றக் கம்பித் தூரிகையையோ அழுத்த நீர்ப் பீச்சியையோ பயன்படுத்துதல் ஆகாது. பழைய தகட்டின் மீது ஏறி நடப்பதும் கூடாது. அது திடீரென முறிந்து ஆளை உள்ளே வீழ்த்திவிடும்.

புயலில் தகடு சிதறினால், துண்டுகளை நீர் தெளித்து நனைத்த பின்னரே அள்ள வேண்டும். உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்கினால் நார் மீண்டும் காற்றில் எழும். ஈரத்துணியால் துடைத்து, அத்துணியையும் உறையிலிட்டுக் கட்டிவிட வேண்டும்.

அகற்றியே தீரவேண்டிய நிலையில்

சிதைந்த கூரையை மாற்றும்போது பின்வரும் முறைகளைப் பணி ஒப்பந்தத்திலேயே எழுதிச் சேர்ப்பது நலம்.

1. வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளும் பிறரும் இருத்தல் கூடாது. அண்டை வீட்டாருக்கும் முன்னறிவிப்புத் தர வேண்டும்.

2. தகடுகளை நனைத்து, கொக்கி ஆணிகளைக் கழற்றி, முழுத் தகடாகவே இறக்க வேண்டும். சுத்தியால் உடைப்பதும் மேலிருந்து வீசுவதும் கூடா.

3. பணியாளர்களுக்கு நுண்துகள் வடிகட்டும் உயர்தர முகக்கவசம் தேவை. கைக்குட்டையும் சாதாரண மருத்துவ முகக்கவசமும் இந்த நாரைத் தடுக்கமாட்டா.

4. வேலைக்கு உடுத்திய ஆடையை வீட்டுக்கு எடுத்துச் செல்லல் ஆகாது. தொழிலாளர்களின் ஆடைகளைத் துவைத்ததாலேயே அவர்தம் மனைவியர் மீசோதீலியோமாவுக்கு ஆளான நிகழ்வுகள் மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியுள்ளன.

5. இறக்கிய தகடுகளைத் தடித்த பாலித்தீன் தாளில் சுற்றி, 'கல்நார்' என எழுதி ஒட்டி, அபாயக் கழிவுகளை ஏற்க அனுமதி பெற்ற இடத்துக்கே அனுப்ப வேண்டும். அத்தகைய இடம் எங்குள்ளது என்பதை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டறியலாம்.

'இலவசமாக எடுத்துக்கொள்கிறேன்' என்னும் ஒப்பந்ததாரரின் சலுகை இந்த ஐந்தாவது முறையோடு பொருந்தாது. அவ்வாறு செல்லும் தகடு ஓர் ஏழைக் குடும்பத்தின் குளியலறைத் தடுப்பாகவோ மாட்டுக்கொட்டகைக் கூரையாகவோ மறுபடியும் அறுத்துத் துளையிடப்படக்கூடும். அல்லது துண்டுகளாக நொறுங்கிப் பள்ளம் நிரப்பப் பயன்படலாம். நாம் செலவைத் தவிர்த்ததன் விலையை முகம் அறியாத ஒருவர் தம் நுரையீரலால் செலுத்த நேரிடும்.

கடன் விண்ணப்பத்துக்கு முன்

பழைய கட்டடத்தை வாங்கும்போது மதிப்பீட்டாளரின் அறிக்கையை மட்டும் நம்பியிருத்தல் போதாது. அவ்வறிக்கை சொத்தின் மதிப்பைக் கூறுவதற்கானது. கல்நாரைத் தேடிக் கண்டறிவது அதன் நோக்கமன்று. விற்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள். பொறியாளரைக் கொண்டு தனியே பார்வையிடச் செய்யுங்கள். அகற்றும் செலவு தெரிந்துவிட்டால், விலை பேசும்போதே அதைக் கருத்திற் கொள்ளலாம்.

புதுப்பிக்கும் பணிக்கான மதிப்பீட்டில் சோதனை, பாதுகாப்பான அகற்றல், பாதுகாப்புக் கருவிகள், கழிவுப் போக்குவரத்து ஆகிய நான்கையும் தனித்தனி இனங்களாகக் காட்டுமாறு பொறியாளரிடம் கேட்டுப் பெறுங்கள். பட்டியலில் இடம்பெறாத செலவுக்குப் பின்னர் பணம் இராது. பணம் இல்லாதபோது முதலில் கைவிடப்படுவது பாதுகாப்பே என்பது எங்கள் அனுபவம். வாடிக்கையாளர்கள் எங்களிடம் பட்டியலைக் கொண்டுவரும் முன், பழைய கூரைக்கான வரி அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.