ஜாய்ஸ்டிக்கை மாத்துறதுக்கு முன்னாடி கையைப் பாருங்க

ப்ராஜெக்ட் எக்ஸ்போன்னா அதுல ஒரு 'ஸ்மார்ட் வீல்சேர்' கட்டாயம் இருக்கும். ஒண்ணு குரலால ஓடும், இல்லன்னா தலையில மாட்டின சென்சாரால ஓடும். டெமோ பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா, விரல் சரியா வேலை செய்யாத ஒருத்தருக்கு முதல்ல தேவைப்படுறது பெரும்பாலும் புது சென்சார் இல்லை. இருக்கிற ஜாய்ஸ்டிக்கை அவர் கைக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுத்தாலே பல பேர் தானாவே ஓட்டிடுவாங்க. அதை எப்படிப் பண்றதுன்னு பார்ப்போம்.

முதல்ல, அது எப்படி வேலை செய்யுது?

இரண்டாம் உலகப்போர்ல தண்டுவடம் அடிபட்ட வீரர்களுக்காக, கனடாவில் ஜார்ஜ் க்ளைன் என்ற பொறியாளரோட குழு மின்சார வீல்சேரை உருவாக்கினாங்க. அடிப்படை இன்னிக்கும் பெருசா மாறலை. இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனி மோட்டார். ஜாய்ஸ்டிக்கை எவ்வளவு தள்ளுறீங்களோ அவ்வளவு வேகம். ரெண்டு மோட்டாருக்கும் வேக வித்தியாசம் வந்தா வண்டி திரும்பும். கையை எடுத்தா ஸ்ப்ரிங் குச்சியை நடுவுக்குக் கொண்டுவரும், வண்டி நிற்கும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க.

'கை சரியில்லை'ங்கிறது ஒரே பிரச்சினை இல்லை. பிடி, பலம், வீச்சு, நடுக்கம்னு நாலு தனித்தனி பிரச்சினை. ஒண்ணுக்கான தீர்வு இன்னொண்ணைக் கெடுத்துடும்.

பிடி இல்லைன்னா

கழுத்துத் தண்டுவடத்துல சி5 அளவுல அடிபட்டவருக்குத் தோள் அசையும், முழங்கை மடங்கும். ஆனா விரல் மூடாது. இவருக்கு உருண்டைக் குமிழ் கொடுத்தா கை வழுக்கிடும். அதுக்குப் பதிலா 'யு' வடிவக் கைப்பிடி மாட்டினா, ரெண்டு கம்பிக்கு நடுவுல கையை வச்சு, பிடிக்காமலேயே நாலு பக்கமும் தள்ளலாம். 3டி பிரிண்டர் இருந்தா நீங்களே அவர் கை அளவுக்குச் செய்யலாம். ஒரு எச்சரிக்கை: கைப்பிடி கனமா இருந்தா, பள்ளத்துல வண்டி குலுங்கும்போது குச்சி தானா ஆடும்.

பலமும் வீச்சும் குறைஞ்சா

இங்கே நெம்புகோல் கணக்கு. குச்சியை 6 செ.மீ.லிருந்து 9 செ.மீ. ஆக்கினா, தள்ள வேண்டிய விசை மூணுல ரெண்டு பங்கா குறையும். ஆனா கை நகர வேண்டிய தூரம் ஒன்றரை மடங்கு ஆகும். பலம் குறைவு, வீச்சு இருக்குன்னா இது சரி. வீச்சும் இல்லைன்னா இது தப்பு.

டூஷேன் தசைச்சிதைவு இருக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் தோள் பலம் முதல்ல போயிடும், விரல் நுனியோட நுணுக்கம் ரொம்ப நாள் நிற்கும். அவங்களுக்கு லேசா தொட்டாலே நகர்ற மினி ஜாய்ஸ்டிக்கை, கை இயல்பா கிடக்கிற இடத்துல வைக்கணும். பல கன்ட்ரோலர்ல பாதி தள்ளினாலே முழு வேகம் வர்ற மாதிரி செட்டிங்கும் உண்டு. அப்படி வச்சா, சின்ன அசைவுக்கும் வேகம் இரட்டிப்பாகும். அதனால உச்ச வேகத்தையும் சேர்த்துக் குறைக்கணும்.

நடுக்கம் இருந்தா

உடனே கோடு எழுத உட்காராதீங்க. முன்கையைத் தாங்குற மாதிரி ஒரு பள்ளமான ஆர்ம்ரெஸ்ட் கொடுத்தாலே நடுக்கம் குறையலாம். அடுத்து, நடுவுல டெட்பேண்ட். அதுக்கப்புறம்தான் ஃபில்டர்.

பார்கின்சன் நடுக்கம் பொதுவா 4-6 ஹெர்ட்ஸ். வண்டி ஓட்ட நாம வேணும்னே செய்ற அசைவு அதைவிட ரொம்ப மெதுவு. 1 ஹெர்ட்ஸ் லோ-பாஸ் ஃபில்டர் போட்டா, 5 ஹெர்ட்ஸ் நடுக்கம் ஐந்துல ஒரு பங்கா சுருங்கும். சூப்பர்தானே? ஆனா அந்த ஃபில்டரோட டைம் கான்ஸ்டன்ட் 0.16 விநாடி. 6 கி.மீ. வேகத்துல போறப்போ கையை எடுத்தா, ஃபில்டரால மட்டும் வண்டி சுமார் 27 செ.மீ. கூடுதலா போகும். மாடிப்படி விளிம்புல 27 செ.மீ. என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால ஃபில்டர் ஒருதலைப்பட்சமா இருக்கணும். வேகம் ஏறும்போது மெதுவா விடட்டும். குச்சி நடுவுக்கு வந்து நின்னுட்டா, ஃபில்டரைத் தாண்டி உடனே நிறுத்தும் கட்டளை போகணும்.

தொடக்கூடாதது

'கஷ்டமா இருக்கே'ன்னு ஸ்ப்ரிங்கைக் கழட்டிடாதீங்க. மயக்கம் வந்தாலோ கை நழுவினாலோ அவரைக் காப்பாத்துறது அதுதான். ஆன் பண்றப்போ குச்சி நடுவுல இல்லைன்னா கன்ட்ரோலர் ஓட மறுக்கும். அதையும் பைபாஸ் பண்ணாதீங்க. எதை மாத்தினாலும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ரொம்பக் குறைஞ்ச வேகத்துல சோதிங்க.

அடுத்த செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு வீல்சேர் எடுக்கிறீங்களா? காம்பொனென்ட் லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி, அதுல உட்காரப் போறவர்கிட்ட ஒரு நாள் உட்காருங்க. எந்த விரல் அசையுது? எவ்வளவு தூரம்? காலையில இருக்கிற பலம் சாயங்காலம் இருக்கா? கை களைச்சா எங்கே போய் விழுது? தண்ணி குடிக்க யாரையும் கூப்பிடாம அடுக்களை வரைக்கும் தானே போயிட்டு வர முடியுமான்னு பாருங்க. உங்க ப்ராஜெக்டுக்கு அதுதான் உண்மையான வைவா.