உங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்குள் ஐன்ஸ்டைன் இருக்கிறார், தெரியுமா?

கரண்ட் போன அடுத்த நொடி ‘டிக்’ என்று ஒரு சத்தம். நின்ற ஃபேன் மறுபடி சுற்றுகிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் மே மாத இரவுகளைக் கடத்தியவர்களுக்கு அந்த ‘டிக்’கின் அருமை தெரியும். அந்த ஃபேனைச் சுற்ற வைப்பது சார்பியல் கோட்பாடு என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்!

இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வளர்க்கிறோமே, அந்த பேட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடுகளும் அமிலமும். ஈய அணுவின் கருவில் 82 புரோட்டான்கள். அவை இழுக்கிற இழுப்பில் உள்வட்ட எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் இயங்குகின்றன. அந்த வேகத்தில் நியூட்டனின் கணக்கு செல்லாது, ஐன்ஸ்டைன் கணக்குத்தான். 2011இல் ராஜீவ் அகுஜா, பெக்கா பியூக்கோ உள்ளிட்ட ஸ்வீடன், பின்லாந்து விஞ்ஞானிகள் ஒரு குறும்பு செய்தார்கள். கணினியில் சார்பியலை எடுத்துவிட்டு அதே பேட்டரியைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு செல் தரும் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை காணோம்! அதாவது ஆறு செல் கொண்ட 12 வோல்ட் பேட்டரி, சார்பியல் இல்லாவிட்டால் சுமார் இரண்டு வோல்ட்தான் தந்திருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் சரக்கு ஏற்றும் குட்டி யானை வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்காது. (ஹாரன் மட்டும் அடிக்காமல் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.)

தங்கம் ஏன் மஞ்சள், தெரியுமா? அதுவும் இதே கதைதான். தங்கத்தின் கருவில் 79 புரோட்டான்கள். எலெக்ட்ரான்களின் அசுர வேகத்தால் அவற்றின் ஆற்றல் நிலைகள் இடம் மாறி, தங்கம் நீல ஒளியை விழுங்கிவிடுகிறது. மிச்சம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. சார்பியல் இல்லாவிட்டால் பூந்தமல்லி நகைக்கடையில் தங்கச் சங்கிலிக்கும் வெள்ளிக் கொலுசுக்கும் நிறத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

சரி, அந்தக் கோட்பாடுதான் என்ன? கணக்கு வராதவர்களுக்கும் ஆவடி லோக்கல் ரயிலில் போனவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்ல முடியும். வில்லிவாக்கத்தில் உங்கள் வண்டி சிக்னலுக்கு நிற்கிறது. பக்கத்து டிராக்கில் நிற்கும் எக்ஸ்பிரஸ் மெல்ல நகர்கிறது. ‘அப்பாடா, கிளம்பிட்டான்’ என்று நினைக்கிறீர்கள். அந்தப் பக்கம் பிளாட்பாரத் தூணைப் பார்த்தால்தான் தெரிகிறது, நகர்ந்தது நீங்கள் இல்லை. ஒரே சீரான வேகத்தில், குலுக்கல் இல்லாமல் போகும்போது, உள்ளே உட்கார்ந்தபடி எந்தச் சோதனை செய்தும் ‘நான் ஓடுகிறேனா, நிற்கிறேனா’ என்று சொல்லவே முடியாது. இது கலிலியோ காலத்திலேயே தெரிந்ததுதான்.

1905இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்த 26 வயது ஐன்ஸ்டைன் இதோடு ஒன்றைச் சேர்த்தார்: ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்றே. நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. ஓடுகிற வண்டியின் ஹெட்லைட்டிலிருந்து புறப்பட்டாலும் அதே வேகம், நிற்கிற வண்டியிலிருந்து புறப்பட்டாலும் அதே வேகம். வண்டியின் வேகம் அதில் கூடவே கூடாது! ஒளி விட்டுக்கொடுக்காது என்றால் வேறு ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டுமே? விட்டுக்கொடுப்பது நேரம். ஓடும் வண்டியில் இருக்கும் கடிகாரம், நிற்கிற வண்டியில் இருப்பதைவிட மெதுவாக ஓடும். பத்து வருடம் கழித்து 1915இல் முழுமையாக்கிய கோட்பாட்டில் இன்னொன்றும் சொன்னார்: ஈர்ப்பு விசை அதிகமுள்ள இடத்தில் நேரம் மெதுவாகப் போகும். ஆக, ‘எல்லாமே அவரவர் பார்வையைப் பொறுத்தது, அதுதான் சார்பியல்’ என்று டீக்கடையில் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒளி வேகம் யார் பார்வையையும் பொறுத்ததல்ல. மொத்தக் கோட்பாடும் நிற்பது அந்தப் பிடிவாதத்தின் மேல்தான்.

அப்படியானால் தினமும் ரயிலில் போகிறவர் இளமையாக இருப்பாரா? இருப்பார்! ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு 20 கி.மீ.க்குச் சற்று அதிகம். முக்கால் மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒரு நடைக்கு நீங்கள் மிச்சம் பிடிப்பது ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. வருடத்துக்கு 600 நடை, 30 வருடம் போய் வந்தால் சுமார் 18 நானோ நொடி. நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இன்னும் கேளுங்கள். அதே ஆள் ரிட்டயர்மென்ட் பணத்தில் பத்தாவது மாடியில் ஃபிளாட் வாங்கினால் போச்சு! 30 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு ஒரு துளி குறைவு. அங்கே 30 வருடம் இருந்தால் தரைத்தளத்துக்காரரைவிடச் சுமார் 3,100 நானோ நொடி அதிகம் மூப்பு. ரயிலில் சேர்த்ததைப் போல 170 மடங்குக்கும் மேல் மாடியில் போய்விடுகிறது. பில்டர்கள் இதை பிரவுச்சரில் போடுவதில்லை.

இதெல்லாம் பேப்பர் கணக்கு என்று நினைக்காதீர்கள். 2010இல் அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனத்தில் இரண்டு அணுக் கடிகாரங்களில் ஒன்றை 33 செ.மீ. மட்டும் உயர்த்தி வைத்தார்கள். படிக்கட்டில் இரண்டு படி, அவ்வளவுதான். மேலே இருந்தது வேகமாக ஓடியது! நொடிக்கு 10 மீட்டருக்கும் குறைவான வேகத்தில், அதாவது நம் லோக்கல் வண்டி வேகத்தில், நேரம் மெதுவாவதையும் அதே ஆய்வில் அளந்துவிட்டார்கள்.

இப்போது பாடி மேம்பாலத்தில் எந்தப் பக்கம் இறங்குவது என்று உங்கள் போன் சொல்கிறதே, அங்கே வருவோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. வேகத்தால் அவற்றின் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோ நொடி பின்தங்கும். ஈர்ப்பு குறைவால் 45 மைக்ரோ நொடி முந்தும். மொத்தத்தில் 38 மைக்ரோ நொடி முந்தல். சின்ன எண்ணா? அந்த நேரத்தில் ஒளி 11 கி.மீ. ஓடிவிடும். ஒளி வேகத்தில் பாயும் ரேடியோ சிக்னல் வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத்தான் போன் உங்கள் இடத்தைக் கணிக்கிறது; கடிகாரத்தைத் திருத்தாவிட்டால் இடம் தப்பும்.

ஆனால் ஜிபிஎஸ்ஸைச் செய்த என்ஜினியர்களில் சிலரே சார்பியலை முழுதாக நம்பவில்லை என்பது தெரியுமா? 1977 ஜூனில் ஜிபிஎஸ்ஸுக்கு முன்னோட்டமாக அமெரிக்கா ஏவிய என்டிஎஸ்-2 செயற்கைக்கோளில் சீசியம் அணுக் கடிகாரம் இருந்தது. ஐன்ஸ்டைன் திருத்தம் வேண்டுமா, வேண்டாமா? சர்ச்சை தீரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று திருத்தும் கருவியை உள்ளே வைத்து, அதை ‘ஆஃப்’ செய்தே அனுப்பினார்கள்! 20 நாள் பார்த்தார்கள். லட்சம் கோடியில் 446.5 பங்கு முந்த வேண்டும் என்றது கோட்பாடு. கடிகாரம் முந்தியது 442.5 பங்கு. பேசாமல் கருவியை ‘ஆன்’ செய்தார்கள். அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஸ்விட்ச் அதுதான்.

ஜிபிஎஸ் போல நமக்கென்றே இஸ்ரோவின் நாவிக் இருக்கிறது. சுமார் 36,000 கி.மீ. உயரம் என்பதால் அங்கே முந்தல் நாளுக்குச் சுமார் 46 மைக்ரோ நொடி. முதல் நாவிக் செயற்கைக்கோளில் வெளிநாட்டிலிருந்து வாங்கி வைத்த மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதாகி இஸ்ரோ பட்ட பாடு கொஞ்சமல்ல. பிறகு உள்நாட்டிலேயே செய்த ரூபிடியம் அணுக் கடிகாரத்துடன் என்விஎஸ்-01 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது 2023 மே 29இல். இந்தத் தேதிக்கு ஒரு வேடிக்கை உண்டு. 1919இல் இதே மே 29 அன்றுதான், சூரிய கிரகணத்தின்போது, சூரியன் அருகே வரும் நட்சத்திர ஒளி வளைவதை எடிங்டன் குழுவினர் படமெடுத்து, ஐன்ஸ்டைனை உலகப் புகழ் மனிதராக்கினார்கள்!

அந்த ஓட்டத்தில் நம் கொடைக்கானலும் இருந்தது. அங்கே வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் எவர்ஷெட், ஈர்ப்பால் சூரிய ஒளி சிவப்பு நோக்கி நகர்கிறதா என்று வருடக்கணக்கில் அளந்தார். 1922 கிரகணத்தில் நட்சத்திர ஒளி வளைவதை அளக்கக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரைக்கே போனார். கருவி காலை வாரியது. பக்கத்தில் முகாமிட்டிருந்த அமெரிக்கக் குழுவுக்குப் பலன் கிடைத்தது. சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் 1930இல், 19 வயதில், இங்கிலாந்து போகும் கப்பலில் செத்த நட்சத்திரத்துக்குச் சார்பியல் கணக்குப் போட்டதும், அவருக்கு 1983இல் நோபல் வந்ததும் பள்ளிப் பாடமாகவே தெரியும். ஐன்ஸ்டைனுக்கு நோபல் கிடைத்தது சார்பியலுக்கு அல்ல, ஒளிமின் விளைவுக்கு என்பது தெரியுமா?

2006க்குப் பிறகு வீடு வீடாக வந்த இலவச கலர் டிவி ஞாபகம் இருக்கிறதா? அந்த டிவியின் படக்குழாய்க்குள் எலெக்ட்ரான்கள் ஒளி வேகத்தில் கால் பங்குக்கு மேல் பறந்தன. சீரியல் பார்த்தபோதெல்லாம் நாம் பார்த்தது சார்பியல்தான்! இதோ, இப்போதும் நீட்டிய உங்கள் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் மியூவான் என்னும் துகள் பாய்கிறது. அதன் ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. பழைய கணக்குப்படி 660 மீட்டரில் செத்திருக்க வேண்டும். வேகத்தால் அதன் நேரம் நீண்டு, 15 கி.மீ. உயரத்திலிருந்து நம் கைவரை வந்துவிடுகிறது. ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இதே மியூவான்களை வைத்து, 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததைக் கண்டுபிடித்தது!

பிரம்மலோகம் போய்த் திரும்பிய ரேவதிக்குப் பூமியில் யுகங்கள் கடந்திருந்த பாகவதக் கதையை, இந்த இடத்தில் வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்புவார்கள். அற்புதமான கற்பனை. ஆனால் அதை வைத்து ஜிபிஎஸ் கடிகாரத்தைத் திருத்த முடியாது. அதற்கு எத்தனை மைக்ரோ நொடி என்று கணக்காகச் சொல்ல வேண்டும்.

சார்பியலைச் சாதாரண வாசகர்களுக்குச் சொல்ல ஐன்ஸ்டைனே 1916இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பள்ளியிறுதி வரை படித்திருந்தால் போதும் என்று முன்னுரையிலேயே சொல்கிறார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்பதாவது அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். நான்கு நிறுத்தத்துக்குள் முடிந்துவிடும். அதில் ஐன்ஸ்டைன் எடுத்துக்கொண்ட உதாரணமும் ஓடுகிற ரயில்தான்.