வீட்டு பிளக்கில் ஒண்ணேகால் ரூபாய், ரோட்டில் மூணேகால்! கரண்ட் கார் கணக்கு இதுதான்

ஸ்ரீபெரும்புதூர்–

"கரண்ட் கார் வாங்கினால் பெட்ரோல் செலவே கிடையாது" என்ற பேச்சு இருங்காட்டுக்கோட்டை டீக்கடையில் இருந்து ஒரகடம் பஸ் ஸ்டாப் வரை அடிபடுகிறது. செலவு குறைவு என்பது நிஜம். ஆனால் எவ்வளவு குறைவு என்பது வீட்டு மீட்டர் பெட்டியைப் பொறுத்தது!

1998–ல் சான்ட்ரோ வெளிவந்த அதே இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையில்தான் 2019–ல் கோனா கரண்ட் கார் தயாரானது. விலை 25 லட்ச ரூபாய்க்கு மேல். ஜனங்கள் எட்டி நின்று பார்த்தார்கள். 2025 ஜனவரியில் கிரெட்டா கரண்ட் கார் வந்தது. ஆரம்ப விலை 17 லட்சத்து 99 ஆயிரம். பேட்டரி 42 யூனிட், 51.4 யூனிட் என்று இரண்டு ரகம்.

500–ஐ தாண்டினால்...

தாம்பரத்தில் இருந்து ஒரகடத்துக்கு தினமும் வேலைக்கு வந்து போகிறவரை எடுத்துக்கொள்வோம். போக வர 50 கிலோ மீட்டர். மாதம் 25 நாள். இரண்டு மாதத்துக்கு 2,500 கிலோ மீட்டர். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 6 கிலோ மீட்டர் என்று வைத்தால், சுமார் 417 யூனிட் ஆகும்.

வீட்டுக்கு ஏற்கனவே 300 யூனிட் ஓடினால் இரண்டு மாத பில் சுமார் 700 ரூபாய்தான். (2024 ஜூலையில் உயர்ந்த கட்டணப்படி.) கார் வந்ததும் 717 யூனிட். பில் சுமார் 4 ஆயிரம்! முதல் 100 யூனிட் இலவசம் அப்படியே இருக்கும். ஆனால் 500–ஐ தாண்டியதும் 101 முதல் 200 வரை கிடைத்த சலுகை போய்விடும். மேலே ஏறும் யூனிட்டுக்கு 8 ரூபாய், 9 ரூபாய் என்று தீட்டிவிடும். அப்படியும் காருக்கு 3,300 ரூபாய்தான்.

ஏ.சி. ஓடும் வீடு, ஏற்கனவே 600 யூனிட் என்றால்? 1,000–ஐ தாண்டிவிடும். அதே கார், அதே ரோடு. காருக்கு மட்டும் சுமார் 4,200 ரூபாய்!

பெட்ரோல் காரில் லிட்டர் 100 ரூபாய், 15 கிலோ மீட்டர் என்று வைத்தால் 16,700 ரூபாய். பக்கத்தில்கூட நெருங்க முடியாது.

சொந்த பிளக் இல்லாதவர்கள்

இங்கேதான் இடிக்கிறது. வாடகை போர்ஷன்காரருக்கு தெருவில்தான் பார்க்கிங். மாடியில் இருந்து ஒயர் இழுக்க வீட்டுக்காரர் விடுவாரா? ரோட்டோர சார்ஜ் நிலையத்துக்குத்தான் போகணும். அங்கே ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. எல்லாம் சேர்த்து யூனிட் 20 ரூபாய் என்றால், 8 ஆயிரத்துக்கு மேல் போய்விடும்.

நேரமும் கணக்குதான். 50 கிலோவாட் வேக சார்ஜரில் 10–ல் இருந்து 80 சதவீதம் ஏற 58 நிமிடம் என்கிறது கம்பெனி. வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு சுமார் 3 யூனிட்தான் ஏறும். ஆனால் தினம் 50 கிலோ மீட்டருக்கு 3 மணி நேரம் போதும். தூங்கி எழுந்தால் ரெடி!

போட்ட முதல்?

2025 ஜனவரியில் பெட்ரோல் கிரெட்டா 11 லட்சத்தை ஒட்டி இருந்தது. வித்தியாசம் 7 லட்சம். வீட்டில் சார்ஜ் போடுகிறவருக்கு வருடம் 80 ஆயிரம் மிச்சம்; 7 லட்சத்தை எடுக்க சுமார் 9 வருடம். ரோட்டில் சார்ஜ் போடுகிறவருக்கு 14 வருடம்! கார் கட்டுகிற தொழிலாளியோ இன்னும் கம்பெனி பஸ்ஸில்தான் போய் வருகிறார்.