பச்சை விதையை விற்காதவர்கள்

குடும்பத் தொழில் – 9

சென்ற வாரம் பல்லாவரம், பம்மல், நாகல்கேணி பக்கத்துத் தோல் தொழிலைப் பார்த்தோம். பச்சைத் தோலைக் கப்பலேற்றியவரை லாபத்தின் பெரும்பங்கு வெளிநாட்டுக்கே போனது. 1970களில் அரசு அதற்குத் தடை போட்ட பிறகுதான் பதனிட்ட தோலாகவும் செருப்பாகவும் பையாகவும் விற்று இங்கே காசு தங்கியது. இந்த வாரம் அதே கணக்கை இன்னொரு பொருளில் பார்ப்போம்: சாக்லேட்.

கொக்கோ தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. 1798-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் குற்றாலத்தில் நட்டுப் பார்த்தது. ஆனால் தென்னிந்திய விவசாயியின் கைக்கு அது பணப்பயிராக வந்து சேர்ந்தது 1960களுக்குப் பிறகுதான். கேட்பரி நிறுவனம் கேரளத்தில் அதை ஊக்குவித்து, விளைந்ததை வாங்கிக்கொண்டது. பின்னால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் ஊடுபயிராகப் பரவியது. தென்னை நிழல் கொக்கோவுக்குப் பிடிக்கும். தனி நிலமும் வேண்டாம்.

வியாபாரமும் சுலபம். காயை உடைத்து, வெள்ளைச் சதை ஒட்டிய பச்சை விதையைக் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டுக் கொடுத்தால் கையில் காசு. ஆனால் எல்லாத் தோப்பு விதையும் அங்கே ஒரே குவியலாகிவிடும். அருமையாக விளைவித்தவரின் பெயர் அதோடு மறைந்துபோகும்.

ஆனைமலை அடிவாரத்தில் 'ரீகல் பிளான்டேஷன்ஸ்' தோட்டத்தை நடத்தும் கார்த்திகேயன் பழனிசாமியும் ஹரிஷ் மனோஜ்குமாரும் மைத்துனர்கள். அவர்கள் பச்சை விதையோடு நிற்கவில்லை. தோட்டத்திலேயே புளிக்கவைத்து, உலர்த்தி, தரமான விதையாக்கினார்கள். அதற்கு அடுத்த படியாகச் சாக்லேட்டையே தயாரித்து 'சொக்லெட்' என்ற பெயரில் விற்றார்கள். மரம் வளர்ப்பதிலிருந்து உறை போடுவதுவரை ஒரே குடும்பத்தின் பொறுப்பு.

இதில் உயிர்நாடி, புளிக்கவைப்பது. மரப்பெட்டியில் பச்சை விதையைக் கொட்டி வாழையிலையால் மூடுவார்கள். சதையின் சர்க்கரையை ஈஸ்ட் தின்னத் தின்னச் சாராய வாடை எழும். கிளறிவிட்டுக் காற்றுப் பட்டதும் அது காடியாக மாறும். பெட்டிக்குள் சூடு 45, 50 டிகிரி வரை ஏறும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் முளை செத்து, ஊதா நிறப் பருப்பு பழுப்பாகி, கசப்பும் துவர்ப்பும் தணியும். ஐந்தாறு நாள் வேலை இது. சீக்கிரம் எடுத்தால் துவர்ப்பு நிற்கும். தாமதித்தால் அழுகல் வாடை ஏறும். இங்கே கோட்டை விட்டதை எந்த வறுப்பாலும் அரைப்பாலும் மீட்க முடியாது. சம்பளத்துக்கு வருபவர் இரவில் எழுந்து பெட்டியைத் தொட்டுப் பார்ப்பாரா? வீட்டு ஆள் பார்ப்பார். நயமான சாக்லேட்டில் குடும்ப நிறுவனங்கள் எழுந்து நிற்பதற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன்.

மற்றவர்கள் வேறு முனையிலிருந்து வந்தார்கள். ஜேன் மேசன், ஃபாபியன் போன்டெம்ஸ் தம்பதி 2014-இல் ஆரோவில்லில் 'மேசன் அண்ட் கோ'வைத் தொடங்கி, தென்னிந்திய விவசாயிகளிடம் நேரடியாக விதை வாங்கினார்கள். சென்னையில் நிதின் சோர்டியா, பூனம் சோர்டியா தம்பதி 2019-இல் கொண்டுவந்த 'கோகோட்ரைட்' சாக்லேட்டின் உறை, பருத்திக் கழிவாலும் கொக்கோ விதைத் தோலாலும் ஆனது. குப்பைக்குப் போகும் தோலுக்கும் அவர்கள் ஒரு வேலை கண்டுபிடித்தார்கள். இந்தக் குடும்பங்கள் வளர்ந்த விதம் ஒன்றுதான்: பிறர் கைக்கு விட்டிருந்த வேலைகளை ஒவ்வொன்றாகத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள்.

இதன் அருமை விலை ஆடும்போது தெரியும். ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைச்சல் விழுந்ததால் 2024-இல் நியூயார்க் சந்தையில் ஒரு டன் கொக்கோ 10,000 டாலரைத் தாண்டியது. 2025-இல் விலை இறங்கியபோது ஆந்திரக் கொக்கோ விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. விதையை மட்டும் விற்பவர் அந்த ஏற்ற இறக்கத்தை முழுதாகத் தாங்குகிறார்; தன் பெயரில் சாக்லேட் விற்பவருக்கு ஓரளவாவது பிடிமானம் இருக்கிறது.

நாமும் ஒன்று செய்யலாம். கடையில் சாக்லேட் வாங்கும்போது உறையைத் திருப்பிப் படியுங்கள். கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்று இருந்தால், நீங்கள் கொடுக்கும் காசில் தோப்புக்காரருக்குப் போவது சொற்பம்.

இரண்டு ஏக்கர் தோப்புக்காரர் பெட்டி, உலர்களம், இயந்திரம் எல்லாவற்றுக்கும் தனியாக முதல் போட முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். பொள்ளாச்சி, தேனி வட்டாரங்களில் விவசாயிகளே நடத்தும் பொதுப் புளிப்புக் கூடங்களுக்கு அரசும் வங்கிகளும் கடன் கொடுக்க வேண்டும். பச்சை விதையாக விற்கும் கட்டாயம் அங்கேதான் முடியும்.

(தொடரும்)