விளைநிலத்திற்கும் வீட்டு மனைக்கும் இடையே ஓர் எல்லை

நல்ல மண் உண்டாவதற்குப் பல நூற்றாண்டுகள் செல்லும். அதன்மேல் வீடு எழுப்பச் சில மாதங்களே போதும். ஒரு முறை மனையாகிவிட்ட நிலம் மீண்டும் ஏருக்கு வருவது அரிது. இவ்விஷயத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த ஆரிகன் மாகாணத்தார் 1973 முதல் கைக்கொண்டுவரும் முறை, நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறியத்தக்கது.

அம்மாகாணத்தில் நமது ஜில்லாக்களை ஒத்த 36 கவுண்டிகள் உள்ளன. மிகச் செழிப்பான வில்லாமெட் பள்ளத்தாக்கிலேயே பெரிய நகரங்களும் அமைந்திருக்கின்றன. நகரங்கள் பெருகவே, வயல்களினிடையே வீடுகள் சிதறலாக எழுந்தன. நிலத்தின் மதிப்பு ஏற, அதனுடன் வரியும் ஏறும். புதிதாய்க் குடியேறியோர் எருவின் நாற்றத்தையும் இயந்திர ஓசையையும் குறித்து முறையிடுவர்.

ஆகவே, பால் பண்ணை நடத்திய விவசாயியும் செனட் அங்கத்தினருமான ஹெக்டர் மக்பர்சன் முன்னின்று முயல, கவர்னர் டாம் மக்கால் ஆதரிக்க, 1973-இல் நூறாம் எண் செனட் மசோதா சட்டமாயிற்று. நகரங்களும் கவுண்டிகளும் நில உபயோகத் திட்டம் வகுக்க வேண்டும். மாகாணக் கமிஷன் அதனை ஆராய்ந்து ஏற்க வேண்டும்.

ஒவ்வொரு நகரையும் சுற்றி, இருபது ஆண்டுத் தேவைக்குப் போதுமான நிலத்தை உள்ளடக்கி ஓர் எல்லை வகுக்கப்படுகிறது. எல்லைக்கு வெளியே விளைநிலம் எது என்பது முக்கியமாக மண்ணின் தரத்தைக் கொண்டு நிச்சயிக்கப்படுகிறது: மாகாணத்தின் மேற்கில் முதல் நான்கு தரங்கள், கிழக்கில் முதல் ஆறு. இவ்வட்டாரங்களில் சாகுபடி நிலத்தை 80 ஏக்கருக்கும், மேய்ச்சல் நிலத்தை 160 ஏக்கருக்கும் குறைவாகப் பிரிப்பதை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது.

இதற்கு ஈடாக, பயிரிடும் நிலத்துக்கு மனை விலையின்படியன்றி, சாகுபடி மதிப்பின்படியே வரி விதிக்கப்படுகிறது. வழக்கமான விவசாய வேலைகளின் ஓசை, நாற்றம், புழுதி பற்றிய வழக்குகளிலிருந்தும் பாதுகாப்பு உண்டு.

ஆயினும், நிலத்தை மனையாக விற்று முதுமைக்குப் பொருள் தேட எண்ணியிருந்தோருக்கு இஃது இழப்பே. 2004-இல் பொதுஜன வாக்கெடுப்பில், நஷ்ட ஈடு தருக அல்லது தடையை நீக்குக என்ற சட்டம் நிறைவேறியது. ஆயிரக்கணக்கான மனுக்கள் குவிந்தன. பெரிய குடியிருப்புகள் எழுமென்று அஞ்சி, 2007-இல் வாக்காளரே அதனைத் திருத்தினர். பெரும்பான்மையான மனுதாரருக்கு மூன்று வீடுகள் வரையே அநுமதி கிடைத்தது.

எல்லை நிலைக்க வேண்டுமாயின், நகரத்துக்குள் குடியிருக்க இடம் வேண்டும். ஆதலின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம், 10,000 ஜனங்களுக்கு மேற்பட்ட நகரங்களில், தனி வீட்டுக்குரிய மனைகளில் இரட்டை வீடும் கட்ட இடமளித்தது. கிராமப்புறத்தில் ஏற்கெனவே குடியிருப்புக்கென ஒதுக்கிய 2 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளில், 900 சதுர அடிக்கு மேற்படாத மற்றொரு சிறு வீட்டை அநுமதிக்கக் கவுண்டிகளுக்கு 2021-இல் அதிகாரம் கிடைத்தது. விளைநில வட்டாரங்களுக்கு இச்சலுகை இல்லை.

விளைநிலத்தைக் காப்பதற்குத் தடை மட்டும் போதாது. உழவனுக்கு ஈடும், குடியேறுவோருக்கு வேறிடமும் வேண்டும் என்பதே இதனால் விளங்குவது. ஆரிகன் திட்ட நெறிகளுள் முதலாவது, பொதுஜனங்கள் கலந்துகொள்ள வேண்டும் என்பது. வரைபடம் தயாராகும்போதே நிலமுடையோர் தங்கள் மண்ணின் தரத்தையும் தேவையையும் எடுத்துரைத்தல் நலம். கோடு கிழித்த பின் முறையிடுவது கடினம்.