நானோ படிக அயக்காந்தப் பொருள்களில் காந்த ஒட்டுறவுகள்: சிறுகோண நியூட்ரான் சிதறல்வழி ஒரு விளக்கம்

முன்னுரை

இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற அயக்காந்தப் பொருள்களைச் சில பத்து நானோமீட்டருக்கு உட்பட்ட படிகத்துகள்களால் ஆன திண்மமாக உருவாக்கும்போது அவற்றின் காந்தப் பண்புகள் பெரிதும் மாறுகின்றன. இம்மாற்றத்தைத் துகளின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஓரிடத்துக் காந்தமாக்கலின் திசை அண்டை இடங்களின் திசையோடு இயைந்திருப்பது காந்த ஒட்டுறவு எனப்படும். அவ்வியைபு நீளும் தொலைவு ஒட்டுறவு நீளம் ஆகும். இந்நீளத்தை அறிய நியூட்ரான் சிதறல் துணைசெய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

துகள் அளவும் காந்த நீக்குத்திறனும்

வழக்கமான பல்படிகப் பொருளில் துகள் சிறுக்கச் சிறுக்கத் துகள் எல்லைகள் பெருகும். அவை காந்தப் பெருங்கூறுகளின் சுவர்கள் நகர்வதைத் தடுப்பதால் காந்த நீக்குத்திறன் உயரும். 1988-இல் யோஷிசாவா, ஓகுமா, யமாவுச்சி ஆகியோர் அறிவித்த, செம்பும் நியோபியமும் சேர்ந்த இரும்பு-சிலிக்கான்-போரான் கலப்புலோகம் இதற்கு மாறாக அமைந்தது. ஏறத்தாழ 10 நானோமீட்டர் துகள்களைக் கொண்ட அது மிக மென்மையான காந்தப்பொருளாக விளங்கியது.

படிக உருவற்ற காந்தப்பொருள்களுக்காக ஆல்பன், பெக்கர், சீ ஆகியோர் 1978-இல் முன்வைத்த கருத்தைக் கொண்டு ஹெர்ட்சர் 1990-இல் இதனை விளக்கினார். ஒவ்வொரு துகளின் எளிய காந்த அச்சும் வெவ்வேறு திசையில் உள்ளது. துகள் போதிய அளவு சிறிதாயின், பரிமாற்ற இடைவினை காந்தமாக்கலை அவ்வச்சுகளின்படி திரும்ப விடுவதில்லை. திசைசார்பு சராசரியாகித் தேய்கிறது. காந்த நீக்குத்திறன் துகள் விட்டத்தின் ஆறாம் அடுக்கிற்கேற்பக் குறைகிறது. விட்டம் பாதியானால் அது 64-இல் ஒரு பங்காகும்.

காந்தமாக்கல் பல துகள்களைக் கடந்து ஒரே திசையில் தொடர்கிறது என்பதே இவ்விளக்கத்தின் அடிப்படை. காந்தமாக்கல் வளைகோடு பொருள் முழுமையின் சராசரியையே தருவதால், அதனை மட்டும் கொண்டு இவ்வடிப்படையைச் சோதிக்க இயலாது.

நியூட்ரான் தரும் சான்று

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. எனவே அது உலோகத்தினுள் ஆழமாக ஊடுருவும். அதற்குக் காந்தத் திருப்புத்திறன் உண்டு. எனவே அணுக்கருக்களால் மட்டுமன்றிக் காந்தமாக்கலாலும் அது சிதறும். சிதறல் கோணமும் கட்டமைப்பின் நீளமும் எதிர்விகிதத் தொடர்புடையவை. ஆகவே சிறுகோணச் சிதறல் ஏறத்தாழ 1 முதல் சில நூறு நானோமீட்டர் வரையிலான அமைப்பை வெளிப்படுத்துகிறது.

நுண்துளைகளாலும் கலவை வேறுபாட்டாலும் எழும் அணுக்கருச் சிதறல் காந்தப் புலத்தைச் சார்ந்ததன்று. காந்தமாக்கலின் திசைப்பிறழ்வால் எழும் சிதறலோ புலம் உயர உயரக் குறைகிறது. தாழ்புலச் சிதறலிலிருந்து தெவிட்டு நிலையை ஒட்டிய உயர்புலச் சிதறலைக் கழித்தால், திசைப்பிறழ்வின் பங்கு தனியே கிடைக்கும்.

புலத்திற்கேற்ப மாறும் ஒட்டுறவு நீளம்

துகளின் திசைசார்பு காந்தமாக்கலைத் திருப்புகிறது. பரிமாற்ற இடைவினை அத்திருப்பத்தைத் துகளுக்கு வெளியேயும் பரப்புகிறது. புலம் அப்பரவலை ஒடுக்குகிறது. பரவும் தொலைவு, பரிமாற்ற விறைப்பு மாறிலியின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்திலும் அகப்புலத்தின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்திலும் அமையும். கோபால்ட்டில் இத்தொலைவு 0.01 டெஸ்லா புலத்தில் ஏறத்தாழ 60 நானோமீட்டர், 0.1 டெஸ்லாவில் 20. 1 டெஸ்லாவில் 6. துகள் அளவும் இத்தொலைவும் சேர்ந்த கூட்டுத்தொகையே தோராயமாக ஒட்டுறவு நீளமாகும். எனவே 10 நானோமீட்டர் துகள்களைக் கொண்ட பொருளில், தாழ்புலத்தில் ஒட்டுறவு பல துகள்களைத் தழுவுகிறது; உயர்புலத்தில் துகள் அளவை நோக்கிச் சுருங்குகிறது.

வைஸ்முல்லர், மைக்கேல்ஸ் முதலியோர் 2001-இல் வெளியிட்ட நுண்காந்தவியல் பகுப்பாய்வு, இப்புலச் சார்பிலிருந்தே பரிமாற்ற விறைப்பு மாறிலியையும் திசைசார்புப் புலத்தின் வலிமையையும் கணிக்க வழிகாட்டியது.

முடிவுரை

படிகத்துகளின் அளவு பொருளைத் தயாரிக்கும்போதே அமைந்துவிடுகிறது. ஒட்டுறவு நீளமோ புலத்திற்கேற்ப மாறுகிறது. சிதறல் தருவது நேரடிப் படமன்று; மாதிரியின் துணையோடு பொருள்கொள்ள வேண்டிய, கனஅளவு முழுமைக்குமான சராசரியாகும். எனினும் மேற்பரப்பைக் கடந்து உட்பகுதியின் காந்த ஒழுங்கை அது காட்டுகிறது. ஆகவே நானோ படிகக் காந்தப்பொருளை ஆராய்வோர் துகள் அளவை மட்டும் குறிப்பிடுவது போதாது. எப்புலத்தில், எந்த ஒட்டுறவு நீளம் என்பதையும் சேர்த்துக் கூறுவதே முழுமையான விளக்கமாகும்.