மூன்றை ஏழாகப் படித்த கேமரா

2009 மார்ச் மாதம், சான் பிரான்சிஸ்கோவில் ஓர் இரவு. போலீஸ் ரோந்து காரில் இருந்த கேமரா, அந்த வழியே போன அடர் சிவப்பு லெக்சஸ் காரின் நம்பர் பிளேட்டைப் படம்பிடித்து, அதிலிருந்த 3-ஐ 7 என்று படித்தது. அப்படிப் படித்ததும் அது திருட்டுப்போன ஒரு வண்டியின் எண்ணாகிவிட்டது. திருட்டுப்போனதோ சாம்பல் நிற ஜிஎம்சி டிரக்! கிடைத்த படமும் இருட்டாக, மங்கலாக இருந்தது. சிவப்பு விளக்கில் அந்தக் காருக்கு நேர் பின்னால் நின்ற அதிகாரி பிளேட்டை ஒருமுறை வாசித்திருந்தாலே போதும். வாசிக்கவில்லை. காரை ஓட்டிவந்த 47 வயதுப் பெண்ணைத் துப்பாக்கி முனையில் மண்டியிட வைத்துக் கைவிலங்கு மாட்டினார்கள்.

அந்தப் பெண் தொடுத்த வழக்கில், கண்ணால் சரிபார்க்காமல் நிறுத்தியது நியாயமா என்பதை ஜூரிதான் முடிவு செய்ய வேண்டும் என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு நகர நிர்வாகம் 4,95,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

நம்பர் பிளேட்டைப் படிக்கும் இந்தக் கருவி பிரிட்டனில் 1976-இல் உருவானது. இன்று அமெரிக்காவில் ரோந்து கார்களிலும் சாலையோரக் கம்பங்களிலும் இருக்கிறது. கேமராவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பாய்கிறது. பிளேட்டின் பூச்சு அந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், இரவிலும் பிளேட் மட்டும் பளிச்சென்று தெரியும். மென்பொருள் அந்தச் செவ்வகத்தை வெட்டியெடுத்து, எழுத்து எழுத்தாகப் பிரித்து அடையாளம் காண்கிறது. பிறகு, தேடப்படும் வண்டிகளின் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் அதிகாரியின் திரையில் எச்சரிக்கை வரும்.

சேறு, திருகாணி, பிளேட்டைச் சுற்றிய சட்டம், சாய்ந்த கோணம் எதுவானாலும் B-யை 8 ஆக்கிவிடலாம். நியூ மெக்சிகோவின் எஸ்பஞோலாவில் 2023-இல் 2 என்பது 7 ஆனது. 21 வயதுப் பெண்ணுக்கும் அவருடைய 12 வயதுத் தங்கைக்கும் கைவிலங்கு விழுந்தது.

எழுத்தைச் சரியாகப் படித்தாலும் ஆபத்து தீர்வதில்லை. திருட்டுப்போன வண்டி மீட்கப்பட்ட பிறகும் அதன் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்காமல் விட்டால், அடுத்து ஓட்டுபவர் மாட்டிக்கொள்வார். 2018-இல் கலிபோர்னியாவில் இப்படியொரு வாடகைக் காரில் போய்த் துப்பாக்கி முனையில் நிறுத்தப்பட்டவர், ஓக்லண்ட் நகரத் தனியுரிமை ஆலோசனைக் குழுவின் அப்போதைய தலைவர்.

கொலராடோவின் அரோராவில் நடந்ததுதான் நெஞ்சை உறுத்துகிறது. 2020 ஆகஸ்டில் ஒரு தாயும் நான்கு சிறுமிகளும் வந்த நீல நிற எஸ்யூவியைப் போலீஸ் மடக்கியது. எண்ணில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே எண் கொடுக்கிறது. திருட்டுப்போனது அதே எண் கொண்ட மொன்டானா மாநில மோட்டார் சைக்கிள். மாநிலத்தையோ வண்டியின் வகையையோ யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சிறுமிகளை வாகன நிறுத்துமிடத்தின் சுடும் தரையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். இருவருக்குக் கைவிலங்கும் போட்டார்கள். நான்கு சிறுமிகளில் கடைக்குட்டிக்கு வயது 6. அழுகுரல் பதிவான வீடியோ நாடெங்கும் பரவியது. போலீஸ் தலைவர் மன்னிப்புக் கேட்டார். 2024-இல் அந்தக் குடும்பத்துக்கு 19 லட்சம் டாலர் தர நகரம் ஒப்புக்கொண்டது.